சிலையா, திருமேனியா? ‘விக்ரகம்’ என்னும் சொல்லின் பொருள்



எம்பெருமானைக் கோயிலிலும் இல்லத்திலும் ஆராதிப்பதை ‘விக்ரக ஆராதனம்’ என்கிறோம். இதைச் ‘சிலை வழிபாடு’ என்று சொல்வது இன்று பெருவழக்காகிவிட்டது. நம் ஸம்ப்ரதாயத்தில் பிறந்தவர்களும் அச்சொல்லைத் தயக்கமின்றி ஆள்கின்றனர். அது பொருந்துமா என்று சிறிது ஆராய்வோம்.

‘விக்ரகம்’ என்னும் வடசொல்லுக்கு உடல், வடிவம் என்பன பொருள்கள். கல் என்றோ உலோகம் என்றோ அச்சொல் சொல்வதில்லை. ஆகையால்தான் நம் பூர்வாசார்யர்கள், பரமபதத்தில் எம்பெருமானுக்குள்ள அப்ராக்ருதமான வடிவையும் திவ்யமங்கள விக்ரகம் என்றே அருளிச்செய்கின்றனர். பிள்ளை லோகாசார்யர் தத்வத்ரயத்தில், அவனுடைய வடிவின் நிலைகளைப் பரத்வம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சாவதாரம் என ஐந்தாகக் காட்டுகிறார். எனவே ஸ்ரீவைகுண்டநாதனுக்கு உரிய சொல்லே நம்மூர்ப் பெருமாளுக்கும் உரியது. இதற்கு நேரான தமிழ்ச்சொல் ‘திருமேனி’. ‘அர்ச்சை’ என்பதும் வழிபடுதலைக் குறிக்கும் தாதுவிலிருந்து பிறந்த சொல்லே.

‘சிலை’ என்னும் சொல் அருளிச்செயலில் பல இடங்களில் வில்லைக் குறித்து வரும். கல் என்பது அதன் மற்றொரு பொருள். அப்பொருளில் அது மூலப்பொருளின் பெயரேயன்றி, அதில் எழுந்தருளியிருப்பவனைச் சொல்வதன்று. அர்ச்சாவதாரத்தின் மூலப்பொருளை ஆராய்வது, பெற்ற தாயையே சோதிப்பதற்கு ஒப்பான கொடிய அபசாரம் என்று ஸ்ரீவசநபூஷணம் எச்சரிக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண விரும்புவோர், திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றங்கரையில் உள்ள தாடிக்கொம்புக்குச் செல்லலாம். ஸௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களில் உலகளந்த பெருமாள், வைகுண்டநாதர், நரஸிம்ஹர் முதலான வடிவங்கள் வியக்கத்தக்க அழகுடன் செதுக்கப்பட்டுள்ளன. அவை சிற்பங்கள். காண்போர் சிற்பியின் கைத்திறனைப் போற்றுவர். உள்ளே கர்ப்பக்ருஹத்திலோ, நாம் சிற்பியை நினைப்பதில்லை, பெருமாளைச் சேவிக்கிறோம். அங்கே ஆகம முறைப்படி ப்ரதிஷ்டை நிகழ்ந்துள்ளது. அடியார் உகந்த வடிவைத் தன் திருமேனியாக எம்பெருமானே ஏற்றுக்கொண்டுள்ளான். பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியின் 44ஆம் பாசுரத்தில் அருளிய கருத்தும் இதுவே.

அவன் இவ்வாறு எளியனாவது எதற்காக? ஸ்ரீவசநபூஷணம் ஐந்து நிலைகளையும் தண்ணீரை இட்டு விளக்குகிறது. அந்தர்யாமித்வம் பூமிக்குள் உள்ள நீர்; பரத்வம் அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர்; வ்யூஹம் பாற்கடல்; விபவம் பெருகி ஓடும் ஆறு; அர்ச்சாவதாரமோ அவ்வாறு வற்றியபின்னும் நீர் தங்கும் மடு. மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஆறுகளை நம்பி வாழும் திண்டுக்கல் சீமையார்க்கு இவ்வுவமை சொல்லாமலே விளங்கும். இராமாவதாரமும் க்ருஷ்ணாவதாரமும் அக்காலத்தார்க்கே வாய்த்த வெள்ளம். பிற்பட்டவர்களான நமக்கோ, நெய்க்காரப்பட்டியில் இருப்பவர்க்கு அதே பழனி வட்டத்துப் பாலசமுத்திரத்தில் அகோபில வரதராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். வெளிநாட்டில் வாழ்வோர்க்கு, இல்லத்துக் கோயிலாழ்வாரில் ஸாளக்ராம வடிவில் எழுந்தருளியிருக்கிறார். விடாய்த்தவன் வேற்றிடம் தேடவேண்டியதில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. ‘அது என்ன?’ என்று கேட்கும் குழந்தைக்குச் ‘சாமி சிலை’ என்று விடை சொன்னால், திருப்பள்ளியெழுச்சியும் திருமஞ்சனமும் அமுதுசெய்வித்தலும் அக்குழந்தைக்குப் பொம்மை விளையாட்டாகவே தோன்றும். வளர்ந்தபின், ‘கல்லுக்கு எதற்கு இவ்வளவு?’ என்று பிறர் கேட்கையில் அதனிடம் மறுமொழி இராது. ‘நம் பெருமாள்’ என்று சொன்னாலோ, அத்தனையும் கைங்கர்யமாக விளங்கும்.

எனினும், சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டு, அவன் திருமுன்பே வீண்பேச்சுப் பேசியிருந்தால் பயனில்லை. ஒருவர் நம் எதிரே வீற்றிருக்கிறார் என்னும் நினைவோடு கதவைத் திறப்பதும், விளக்கேற்றுவதும், தளிகை ஸமர்ப்பிப்பதுமே ‘திருமேனி’ என்னும் சொல்லை உள்ளபடி அறிந்தமைக்கு அடையாளம்.