வங்கிச் சரிகட்டும் பட்டியலும் ஓர் அச்சு இயந்திரமும்

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் மாணவர்கள் அதிகம் சலித்துக்கொள்ளும் பாடம் வங்கிச் சரிகட்டும் பட்டியல். ரொக்க ஏடு ஓர் இருப்பைக் காட்டும்; வங்கி அறிக்கை வேறோர் இருப்பைக் காட்டும்; வேறுபாடு எங்கே என்று வரி வரியாகத் தேட வேண்டும். "செல்போன்லயே பேலன்ஸ் தெரியுதே சார், இதை எதுக்குப் போடணும்?" என்ற கேள்வி எங்கள் சங்கரன்கோவில் வகுப்பறையில் ஆண்டுதோறும் எழும். அதற்கு விடையாக நான் சொல்லிவரும் நிகழ்வு கும்பகோணத்தில் நடந்தது.

1904இல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்ட வங்கி இன்று சிட்டி யூனியன் வங்கி என்று அறியப்படுகிறது. 2018 பிப்ரவரி 7 அன்று அதன் ஊழியர்கள் வழக்கமான சரிபார்ப்பைச் செய்தபோது, தங்கள் வங்கி அனுப்பாத மூன்று பணப் பரிமாற்றங்கள் வெளிநாடுகளுக்குப் போயிருப்பதைக் கண்டார்கள். 5 இலட்சம் டாலர் நியூயார்க் வழியாகத் துபாய்க்கு, 3 இலட்சம் யூரோ பிராங்க்ஃபர்ட் வழியாகத் துருக்கிக்கு, 10 இலட்சம் டாலர் நியூயார்க் வழியாகச் சீனாவுக்கு. துபாய்க்குப் போன தொகை உடனே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. துருக்கியில் பணம் முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போனது அவ்வளவு எளிதில் கைக்கு வரவில்லை.

இதில் மாணவர்களைக் கவர்வது அச்சு இயந்திரம்தான். வங்கிகள் தமக்குள் பணம் அனுப்பும் கட்டளைகளை ஸ்விஃப்ட் என்ற அமைப்பின் வழியே அனுப்புகின்றன. அதில் போவது பணமல்ல, "இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்ற செய்தி. ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகை ஒன்று அச்சாகி வர வேண்டும். பரிமாற்றம் நடந்த முந்தைய நாள் மாலை அந்த அச்சு இயந்திரம் இயங்கவில்லை. சாதாரணப் பழுது போலத் தோன்றியது உண்மையில் திருட்டின் ஒரு பகுதி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலும் இப்படித்தான் அச்சு இயந்திரம் நின்றது. அங்கே குறிவைக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். பிலிப்பைன்ஸுக்கு 8 கோடியே 10 இலட்சம் டாலர் போய்விட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. பெறுபவர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடர்கள் தவறாக எழுதியிருந்தார்கள். இடையிலிருந்த ஜெர்மானிய வங்கி அந்தப் பிழையைக் கண்டு விளக்கம் கேட்டது. ஆங்கில ஆசிரியர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மறுநாளே சொல்வதெழுதுதல் வைத்துவிடுவார்கள்.

வகுப்பில் இதை நான்கு மாணவர்களைக் கொண்டு நடத்துகிறேன். ஒருவர் பணம் அனுப்பும் சீட்டை எழுதுவார், அடுத்தவர் சரிபார்ப்பார், மூன்றாமவர் ஒப்புதல் தருவார். நான்காமவரிடம் 'மறுநாள் காலை' அனுப்பியோர் பட்டியலையும் வெளியே போன சீட்டுகளையும் தருவேன். பட்டியலில் 12, சீட்டுகள் 15. கூடுதலான மூன்றை அவர் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு விளையாட்டை மாற்றி, மூன்று பேரின் கடவுச்சொல்லையும் ஒரே மாணவரிடம் கொடுத்துவிடுவேன். "அப்ப இவன் ஒருத்தனே எல்லாத்தையும் எடுத்துருவானே சார்!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். அந்த இடத்தில் பாடம் பாதி முடிந்துவிடுகிறது.

நம் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். பள்ளிக் கணக்கில் ஒருவர் பதிவிட, மற்றொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்ற முறை எதற்காக? ஒருவர் ஏமாந்தாலும் இன்னொருவர் கண்ணில் படட்டும் என்பதற்காகவே. வேலை சுலபமாகட்டும் என்று இரண்டு கடவுச்சொற்களையும் ஒரே தாளில் எழுதி மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்தால், இருவர் இருந்தும் ஒருவர்தான்.

சென்ற ஆண்டு விசைத்தறியில் வேலை செய்யும் ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். கல்வி அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்து, மகளின் பெயர், வகுப்பு, தந்தை பெயர் எல்லாம் சரியாகச் சொல்லி, உதவித்தொகை வந்திருக்கிறது, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்றிருக்கிறார். போட்டதும் 6,800 ரூபாய் போய்விட்டது. பள்ளி பெயரைச் சொன்னதால் சாரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வெள்ளிக்கிழமை நடந்ததைத் திங்கட்கிழமை வந்து சொன்னார். 1930 என்ற எண்ணில் புகார் செய்தோம். அதற்குள் பணம் கைமாறிவிட்டது. ஆடித்தபசுக் கூட்டத்தில் கழுத்துச் சங்கிலியை முந்தானையால் மூடிக்கொண்டு கவனமாக நடக்கும் பெண்தான் அவரும்.

பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. இதைத் தொடக்கப் பள்ளிக் குழந்தையும் வீட்டில் சொல்ல முடியும். ஐந்தாம் வகுப்பில் 'கொடுப்பது, வாங்குவது' என்று கடை விளையாட்டு நடத்தும்போதே இதைச் சேர்த்துவிடலாம்.

ஆனால் மகளின் வகுப்பும் தந்தை பெயரும் அழைத்தவருக்கு எப்படித் தெரிந்தன? அந்த அழைப்பின் மூலத்தை நான் அறியேன். நாம் செய்பவற்றை மட்டும் பார்ப்போம். மாணவர் பெயர், ஆதார், வங்கிக் கணக்கு எண், பெற்றோர் செல்பேசி எண் கொண்ட பட்டியல் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் போகிறது? கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தை வகுப்புக் குழுவிலேயே அனுப்பச் சொல்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அதைத் தனியாக ஆசிரியரிடம் காட்டச் சொல்லலாம். எமிஸ் பதிவு முடிந்ததும் படத்தை அழித்துவிடலாம். உதவித்தொகை பற்றிப் பள்ளி ஒருபோதும் தொலைபேசியில் பின் எண்ணோ ஓ.டி.பி.யோ கேட்காது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரே சொன்னால் எடுபடும்.

மேல்நிலை வகுப்புகளுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு ஏதுமில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்கள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஒரு பரிமாற்றத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை அவர் ஏற்க நேரிடும். பின் எண்ணை அவரே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது; தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் இந்த இடத்தில் தாங்களே கணக்கிடுகிறார்கள்.

வீட்டுப்பாடமாகக் குறுஞ்செய்திகளையும் கணக்குப் புத்தகத்தையும் வைத்து, வீட்டின் ஒரு மாத வரவு செலவைச் சரிகட்டிப் பார்க்கச் சொல்வேன். தொகைகளை என்னிடம் காட்ட வேண்டாம், வேறுபாடு இருந்ததா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். இந்த ஆண்டு இரண்டு வீடுகளில், யாரும் கேட்காத காப்பீட்டுக்கு ஆண்டுச் சந்தா பிடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஒரு மாணவி தன் பாட்டியுடன் வங்கிக்குப் போய் அதை நிறுத்த எழுதிக் கொடுத்து வந்திருக்கிறாள்.