தொழிற்கூடமும் பணிப் பண்பாடும்: தோல் தொழில்வழி ஓர் ஆய்வு

முன்னுரை

வள்ளுவர் பண்புடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். உரியவரை ஆராய்ந்து அவரிடம் வினையை ஒப்படைக்கும் முறைக்குத் 'தெரிந்து வினையாடல்' என மற்றோர் அதிகாரம் வகுத்தார். முன்னது மாந்தரின் இயல்பையும் பின்னது செயலின் நெறியையும் பேசுவன. இவ்விரண்டும் ஓரிடத்தே கூடும்போது பிறப்பதே பணிப் பண்பாடு எனலாம். சிறு, நடுத்தர நிறுவனங்களில் இப்பண்பாடு நிலைபெற யாது வேண்டும் என்பதை வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலைச் சான்றாகக் கொண்டு காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறு நிறுவனத்தின் இயல்பு

2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள வரையறைப்படி, 25 கோடி ரூபாய் வரை முதலீடும் 100 கோடி வரை விற்றுமுதலும் உடையது சிறு நிறுவனம். 125 கோடி முதலீடும் 500 கோடி விற்றுமுதலும் நடுத்தர நிறுவனத்தின் எல்லை. தொகை பெரிதெனத் தோன்றினும், இவற்றுள் பல குடும்பத்தாரால் நடத்தப்படுபவை. தந்தை கணக்கைப் பார்ப்பார். மகன் ஏற்றுமதியைக் கவனிப்பான். மேஸ்திரி ஆட்களை நடத்துவார். உரிமையாளரின் குணமே அங்கே சட்டம்.

இதனால் விளையும் நன்மையை மறுப்பதற்கில்லை. தொழிலாளியைப் பெயர்சொல்லி அழைப்பவர், அவர் வீட்டுத் திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் உதவுபவர் இங்கே பலர். எனினும், உதவி வேறு, உரிமை வேறு. முன்பணம் பெற்றவர் குறையை எடுத்துரைக்கத் தயங்குவார். உரிமையாளர் வெளியூர் சென்ற நாளில் மேஸ்திரியின் அவசரமே ஆணையாகும். பெரியவர் மறைந்தபின் பழைய முறையும் மறைந்துவிடக்கூடும். நல்லெண்ணம் ஒருவரோடு முடிந்துவிடும். நடைமுறையோ நிறுவனத்தோடு தொடரும். ஆகவே, நல்லெண்ணத்தை நடைமுறையாக மாற்றுவதே நிலைத்த பண்பாட்டின் அடிப்படையாகும்.

புறத்தேயிருந்து வந்த மாற்றங்கள்

இத்தொழில் மாற அறியாதது அன்று. அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை 1973 முதல் அரசு கட்டுப்படுத்தியபோது, முழுமையாக்கிய தோலும் காலணியும் செய்யக் கற்றுக்கொண்டது. 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியதோடு, ஆலை ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கடமையும் உறுதியாயிற்று. 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் தோற்பொருளில் ஆறிணைதிற குரோமியத்திற்கு எல்லை வகுத்தது. பாலாற்றுப் படுகையின் பாதிப்பு குறித்து 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பித்தது.

இவை பெரும்பாலும் நீரையும் தோலையும் பற்றியவை. கட்டாயம் வந்தபின்னரே மாற்றம் வந்தது என்பதும் கருதத்தக்கது. தோலிலுள்ள நஞ்சை அளக்க ஆய்வுக்கூடம் உண்டு. தொழிலாளியின் உள்ளத்திலுள்ள அச்சத்தை அளக்கக் கருவி இல்லை. அதனை அறிய வேண்டியவர் உரிமையாளரே.

தொட்டி உணர்த்தும் பாடம்

மயிர் நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அக்கழிவோடு அமிலம் கலந்த நீர் சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவளி எழும். இது காற்றினும் கனமானது. ஆதலின் தொட்டியின் அடியில் தங்கும். தொடக்கத்தில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். செறிவு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் இல்லை என நம்பி இறங்குபவர் மயங்கி வீழ்வார். அவரைத் தூக்க இறங்குபவரும் வீழ்வார். ஒரு தொட்டியில் பலர் மாள்வதன் காரணம் இதுவே.

காக்கும் முறை கடினமானதன்று. உள்ளே இறங்காமலே இயந்திரத்தால் தூய்மை செய்வது முதன்மை. இறங்கியே ஆகவேண்டுமெனில் காற்றைச் செலுத்துதல், வளியைக் கருவியால் அளத்தல், இடுப்பில் கயிறு, மேலே ஒருவர் காவல், எழுத்து வடிவில் அனுமதி ஆகியன வேண்டும். மூச்சுக் கருவியின்றி எவரும் மீட்க இறங்கலாகாது. ஆனால், விதியைச் சுவரில் எழுதுவதால் மட்டும் பயன் விளையாது. 'இறங்க இயலாது' என மறுத்த தொழிலாளிக்கு அன்றைய கூலி குறையாமல் கிடைக்கின்றதா என்பதே உரைகல். கிடைக்குமாயின் அங்கே பண்பாடு உண்டு. இல்லையேல் விதி வெறும் எழுத்தே. நேற்று ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த ஆளுக்கும் இது பொருந்த வேண்டும். அவர் அறிந்த மொழியில் வாய்மொழியாகவும் சொல்லப்பட வேண்டும்.

2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலிருந்த ஆலைக்குள் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பணியாளர் எங்கே உறங்குகிறார் என்பதும் பணிப் பண்பாட்டின் பகுதியே என்பதை அவ்விரவு உணர்த்தியது.

ஊதியமும் உரிய காலமும்

கூலி தாமதமாவதற்கு உரிமையாளரின் மனம் மட்டும் காரணமன்று. கூலிக்குத் தோல் பதனிட்டுத் தரும் சிறு ஆலைக்குப் பெரிய நிறுவனம் பணம் தரத் தாமதித்தால், அத்தாமதம் தொழிலாளியின் அடுப்பைச் சென்றடையும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் எனவும், தவறினால் கூட்டு வட்டி தர வேண்டும் எனவும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தமக்கு வரவேண்டியதைக் காலத்தில் கேட்டுப் பெறுவதும், தாம் தரவேண்டியதைக் காலத்தில் தருவதும் ஒரே அறத்தின் இரு பக்கங்களாகும்.

முடிவுரை

கூலி நாள், தொட்டி விதி, உறைவிடம், குறை கேட்கும் வேளை ஆகிய நான்கையும் எழுதிவைத்து, உரிமையாளர் முதல் அனைவரும் அதற்குக் கட்டுப்படுவாராயின் சிறு நிறுவனத்திலும் நிலைத்த பண்பாடு வேரூன்றும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. இக்கல்லூரி மாணவருள் சிலர் நாளை குடும்பத் தொழிலை ஏற்பர். பலர் பிறரிடம் பணி செய்வர். முன்னவர் விதியைத் தாமே முதலில் கைக்கொள்ளவும், பின்னவர் அஞ்சாது எடுத்துரைக்கவும் கற்பராக. அனுபவம் மிக்க பெரியோர் தம் நற்பழக்கங்களை எழுத்தில் வடித்து இளையோரிடம் ஒப்படைத்தல் காலத்தால் செய்யும் பேருதவியாகும்.