எண்முறை நிலப்படமும் ஏட்டொழுங்கும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் யாப்பும் பயிலும் எமக்கும் நிலப்படத்துக்கும் என்ன இயைபு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. சென்ற விடுமுறையில், பூகோளப் பகுதியைச் சேர்ந்த நண்பர் இருவரும் யாமுமாக அறுவர், கல்பாக்கத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றுக்கு நிலப்படம் ஒன்று ஆக்கத் தலைப்பட்டோம். ஊர்ப்பெயர்களையும் இடப்பெயர்களையும் பெரியோர் வாய்மொழியாகக் கேட்டுப் பிழையற எழுதும் பணி தமிழ் மாணவராகிய எமக்கு வாய்த்தது. படம் வரையும் கலையை அங்கே சிறிது கற்றோம். வரைந்ததைக் காக்கும் ஒழுங்கை, பிழை செய்து வெட்கியபின் கற்றோம். அவ்வொழுங்கே இக்கட்டுரையின் பொருள்.

படத்தின் நோக்கத்தை முதற்கண் கூறுவோம். குப்பத்து மக்கள் வலை உலர்த்தும் களம், படகு ஏற்றும் மணல், மீன் காயவைக்கும் திடல் ஆகியவை பெரும்பாலும் எவர் பெயரிலும் பட்டா இல்லாத பொதுவிடங்கள். 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, கடலோர நிருவாகத்துக்கென ஆக்கப்படும் படங்களில் மீனவர் குப்பங்களும் அவர்தம் பொதுவிடங்களும் குறிக்கப்படல் வேண்டும் என்று விதித்தது. படத்தில் இல்லாத களத்தைப் பின்னாளில் ஒருவர் வேலியிட்டு அடைப்பாராயின், அது எம்முடையது என்று காட்டக் குப்பத்தார்க்குச் சான்று அரிதாகும். ஆதலின் எம் படம் சிறியதேனும் அதன்மீது பிறர் வாழ்வு ஒருவாறு சார்ந்து நின்றது.

இனி நிகழ்ந்ததைக் கூறுவோம். கைப்பேசியிலுள்ள ஜி. பி. எஸ். கருவியால் யாம் நடந்து எடுத்த புள்ளிகள் ஒருபுறம். பழைய அச்சுப் படமொன்றிலிருந்து கணினியில் வரைந்தெடுத்த களத்தின் எல்லைகள் மற்றொருபுறம். இவ்விரண்டையும் இணைக்குமாறு எம்மில் ஒருவர் தம் கோப்புகளை மற்றொருவர்க்குக் கைப்பேசி வழியாக அனுப்பினார். இணைத்து அச்சிட்ட படத்தைக் குப்பத்துப் பெரியவர் ஒருவர்முன் விரித்தோம். அவர் நெடுநேரம் நோக்கியிருந்து, "தம்பி, எங்கள் களத்தைக் கடலுக்குள் வைத்துவிட்டீர்களே, ஆழிப்பேரலை கொண்டுபோனது போதாதா?" என்றார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அக்கரை பட்ட துயரை நேரிற் கண்டவர் அவர். யாம் விடைகூற இயலாது தலைகுனிந்தோம்.

பிழை எங்கே நேர்ந்தது? அதனை அறிய எண்முறை நிலப்படக் கோப்பின் இயல்பை அறிதல் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் எஸ்ரி என்னும் அமெரிக்க நிறுவனம் வகுத்த ஷேப்பைல் என்னும் வடிவம் இன்றும் பெருவழக்காயுள்ளது. பெயர் ஒன்றேயாயினும் அது ஒரு கோப்பன்று. ஒரே பெயரும் வெவ்வேறு ஈறும் கொண்ட பல கோப்புகளின் கட்டு. எஸ். எச். பி. என்னும் ஈறுடையது உருவங்களைத் தாங்கும், எஸ். எச். எக்ஸ். அவற்றின் அட்டவணை, டி. பி. எப். பெயர் முதலிய விவரங்களின் பட்டியல். பி. ஆர். ஜே. என்னும் மிகச்சிறு கோப்பு, இவ்வெண்கள் பூமியை எவ்வாறு அளந்து பெற்றவை என்பதைக் கூறும். எம் நண்பர் முதல் மூன்றை மட்டும் அனுப்பினார். நான்காவது சில வரிகளே கொண்டிருந்தமையால், வேண்டாதது போலும் என்று விடுத்தார். ஏட்டுச் சுவடியில் இறுதி ஓலையைச் சிறிதென்று கருதிக் களைந்தது போலாயிற்று அச்செயல். நூலாசிரியன் பெயரும் எழுதினோன் பெயரும் எழுதிய காலமும் அவ்வோலையிலன்றோ இருக்கும்!

அச்சிறு கோப்பு உரைத்திருக்கவேண்டிய செய்தி யாது? பூமி முற்றும் உருண்டையன்று. சற்றே தட்டையான கோளம். அக்கோளத்தின் அளவையும் அது நிற்கும் நிலையையும் முன்னர் வரையறுத்த பின்னரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுக்குப் பொருள் உண்டாம். பழைய இந்திய நில அளவைப் படங்கள் 1830-ஆம் ஆண்டில் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த கோளத்தைச் சார்ந்தவை. ஜி. பி. எஸ். தரும் எண்களோ டபிள்யூ. ஜி. எஸ். 84 எனப்படும் உலகப் பொது முறையைச் சார்ந்தவை. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைப்படி பொதுமக்களுக்கென வெளியிடப்படும் படங்களும் இம்முறையைக் கொண்டன. பழைய முறையின் எண்ணைப் புதிய முறையின் எண்ணென்று மயங்கி இட்டால், நம் கரையில் அப்புள்ளி நூறு மீட்டருக்கும் மேலாகக் கிழக்கே பெயர்ந்துவிடும். கிழக்கே இருப்பது கடல். களம் நீரில் வீழ்ந்த காரணம் இதுவே.

வியப்பு என்னவெனில், பிழையைக் கண்டறிய மூன்று இரவு சென்றது. திருத்தச் சில நிமிடமே சென்றது. கண்டறிதல் ஏன் அரிதாயிற்று? எம் கணினிகளில் "களம் இறுதி", "களம் இறுதி 2", "களம் மெய்யான இறுதி" என்று மூன்று கட்டுகள் இருந்தன. எது எதிலிருந்து வந்தது, எவர் எப்போது திருத்தினார் என்பதை எழுதிவைத்தவர் ஒருவருமிலர். முடிவில் முதற் கணினியிலேயே அச்சிறு கோப்பு கிடைத்தது. திருத்துங்காலும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. தரவு எம்முறையைச் சார்ந்தது என்று பெயர் குறித்தல் வேறு; ஒரு முறையினின்று மற்றொரு முறைக்கு எண்களை மாற்றுதல் வேறு. முன்னது பெயர்ச்சீட்டு ஒட்டுவது, பின்னது கணிப்பது. முதலில் உண்மைப் பெயரைக் குறித்து, அதன்பின் மாற்றிப் புதிய கோப்பாகச் சேமித்தல் வேண்டும். சீட்டை மட்டும் மாற்றுவோர் பிழையை நிலைநாட்டுவோராவர்.

நிற்க. அளவையும் அளந்த ஏடும் பிரியலாகா என்னும் உண்மை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வில்லியம் லாம்டன் என்பார் சென்னையை அடுத்த பரங்கிமலையருகே தம் பெரு முக்கோண அளவைக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் அளந்தார். வெயிலால் எஃகு நீளுமாதலின், நீளத்தை மட்டும் குறியாது சங்கிலியின் வெப்பநிலையையும் உடன் குறித்துச் சென்றார். 1808-இல் தஞ்சைக் கோயில் விமானத்தில் ஏற்றுங்கால் அவருடைய பெருங்கோணமானி மோதிச் சிதைந்தது. அதனைத் தாமே பல வாரம் உழைத்துச் செப்பம் செய்தார். எண்ணை மட்டும் எழுதாது, எண் பிறந்த நிலையையும் எழுதினார். ஆதலின் பின்வந்தோர் அவர் வேலையைச் சோதித்து மேற்சென்றனர். எம் பி. ஆர். ஜே. கோப்பு, அவர் குறித்த வெப்பநிலைக்கு இன்றைய நிகர் எனலாம்.

வேதாகமத்திலும் இதற்கொரு காட்சி உண்டு. யோசுவாவின் புத்தகம் 18-ஆம் அதிகாரத்தில், கோத்திரத்துக்கு மும்மூவராக அனுப்பப்பட்டோர் தேசத்தைச் சுற்றி நடந்து, அதனைப் பட்டணம் பட்டணமாக ஏழு பங்காகப் புத்தகத்தில் எழுதிச் சீலோவிலிருந்த யோசுவாவிடம் மீண்டு வந்தனர். நடத்தல், எழுதுதல், ஒப்புவித்தல் ஆகிய மூன்றும் அங்கே ஒரே கடமையாய் நிற்கின்றன. யாம் நடந்தோம், எழுதுவதில் தளர்ந்தோம், ஒப்புவிப்பதில் தவறினோம்.

அத்தவற்றிற்குப் பின் யாம் வகுத்துக்கொண்ட ஒழுங்குகளை, இத்துறையில் இனி இறங்கும் மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, மூலத்தைத் தீண்டாமை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தலைக் கோப்புறையும், அதனுள் மூலம், உழைப்பு, விளைவு, குறிப்பு என நான்கு உட்கோப்புறைகளும் அமைத்தோம். கருவியிலிருந்து வந்ததும் பிறரிடம் பெற்றதும் மூலத்தில் வந்தவாறே இருக்கும். திருத்தமெல்லாம் படியெடுத்து உழைப்பில் நிகழும். அச்சுக்குரியவை விளைவில் அமையும். நடந்த நாள், நடந்தவர், கருவி, பெற்ற அனுமதிக் கடிதம் ஆகியன குறிப்பில் இருக்கும். அணுமின் நிலையம் அமைந்த கல்பாக்கத்தில் எங்கும் அளக்கலாம் என்று எண்ணுதல் ஆகாது. அளக்க ஒண்ணாத எல்லையை அறிந்து அதற்கு அப்பால் நிற்பதும் அளப்போர் கடமையே.

இரண்டாவது, பெயரிடும் முறை. இடம், பொருள், நாள், பதிப்பு என்னும் நான்கும் இவ்வரிசையில் கோப்பின் பெயரில் அமைதல் நன்று. நாளை ஆண்டு, திங்கள், தேதி என்னும் முறையில் 2025-05-14 என்றாற்போல எழுதினால், கணினி பெயரை வரிசைப்படுத்தும்போது காலமும் தானே வரிசைப்படும். "இறுதி" என்னும் சொல்லை யாம் விலக்கிவிட்டோம். வாழும் ஊரின் படத்துக்கு இறுதி ஏது?

மூன்றாவது, ஊர்ப்பெயர். சதுரங்கப்பட்டினம் என்பதை ஒல்லாந்தர் சதுராஸ் என்றனர். இன்றும் இருபெயரும் வழங்குகின்றன. மாமல்லபுரம் மகாபலிபுரமென்றும் எழுதப்படுகின்றது. மாவட்டமோ, 1997-இல் செங்கற்பட்டு பிரிந்தபோது இக்கரை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. 2019-இல் மீண்டும் செங்கற்பட்டு மாவட்டமாயிற்று. ஒரே ஊர் மூன்று கோப்பில் மூன்று பெயரோடு நின்றால் கணினி அதனை மூன்று ஊரென்றே கொள்ளும். ஆகவே ஒவ்வோரிடத்துக்கும் மாறாத எண் ஒன்று கொடுத்து, வழங்கும் பெயர் அனைத்தையும் அவ்வெண்ணின்கீழ் எழுதிவைத்தோம்.

நான்காவது, தமிழெழுத்து. ஷேப்பைலில் பட்டியலின் தலைப்புப் பெயருக்குப் பத்து இடமே உண்டு. யூனிகோட் முறையில் சேமிக்குங்கால் தமிழெழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று இடம் கொள்வதால், தமிழ்த் தலைப்பு மூன்று குறிகளோடு அறுபட்டுப்போம். எழுத்து முறையைக் கூறும் சி. பி. ஜி. என்னும் துணைக் கோப்பு தவறினாலோ, கேட்டெழுதிய பெயரெல்லாம் பொருளற்ற குறிகளாக மாறித் தோன்றக்கூடும். 2014-இல் வெளிவந்த ஜியோபேக்கேஜ் என்னும் பொது வடிவம் இவ்விடர்களைப் பெரிதும் நீக்குகின்றது. உருவமும் விவரமும் அளவை முறையும் ஒரே கோப்பில் அடங்கும். அதனைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டும் படியெடுத்தலாகாது. மூடியபின் எடுத்தலே முறை.

ஐந்தாவது, இணைப்பு. க்யூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் நாம் சேமிக்கும் திட்டக் கோப்பு, தரவைப் பெரும்பாலும் தன்னுள் கொள்வதில்லை; தரவு எங்குள்ளது என்னும் முகவரியையே கொள்ளும். அதனை மட்டும் நண்பர்க்கு அனுப்பினால், வீட்டை அனுப்பாது வீட்டிலக்கத்தை அனுப்பியதாகும். தலைக் கோப்புறை முழுவதையும் ஒரே பொதியாகச் சுருக்கி அனுப்புதல் வேண்டும். முகவரிகளும் அக்கோப்புறையைச் சார்ந்தனவாக அமைதல் வேண்டும்.

ஆறாவது, படிகள். மூன்று படி, இருவகைக் கருவியில், ஒன்று வேற்றூரில் என்பது கணினி அறிந்தோர் கூறும் விதி. பேரலையும், 2015-ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருவெள்ளமும் கண்ட மாவட்டத்தில் இவ்விதிக்கு விளக்கம் வேண்டுவதின்று.

இவை அனைத்தினும் தலையாயது ஒன்று உண்டு. செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் நாளிட்டு ஒரு வரியேனும் எழுதுதல். சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டு பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல இடங்களிலிருந்து கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் ஆராய்ந்தவர் என்று வகுப்பிற் பயில்கின்றோம். எப்பாடம் எவ்வேட்டினது என்று அறிய இயலாதாயின் அவ்வாய்வு நிகழ்ந்திராது. ஓலையாயினும் கணினிக் கோப்பாயினும், வந்த வழி அறியாத பாடம் நம்பத்தக்கதன்று. ஏட்டைப் பேணிய இனத்தாராகிய நமக்குக் கோப்பைப் பேணுதல் ஏன் இயலாது?

திருத்திய படத்தை மீண்டும் அப்பெரியவரிடம் கொண்டு சென்றோம். அவர் விரலால் களத்தைத் தொட்டு, அங்கிருந்து தம் வீடுவரை வழிதேடிக் கண்டார். பின்னர், படத்தில் யாம் விடுத்திருந்த பழைய கிணறு ஒன்றைச் சுட்டி, அதனையும் எழுதுமாறு பணித்தார். எழுதினோம், எவர் கூற, எந்நாளில் எழுதினோம் என்பதையும் குறிப்பில் எழுதினோம். பெரியவர் கேட்டபடி அப்படத்தின் ஒரு படி இப்போது குப்பத்திலும் இருக்கின்றது. யாம் கல்லூரியை விட்டு அகன்ற பின்னரும், எம் கோப்புறையைத் திறக்கும் இளைய மாணவர் ஒருவர் எம்மை வினவாமலே அக்களம் எங்குள்ளது, எவ்வாறு அறியப்பட்டது என்று தெளிவாராயின், யாம் பட்ட வெட்கம் பயனுடையதாகும்.