குழந்தைகள் மையமும் சலவைத் தூளும்

பருத்தி நூலை வெளுக்கும் தொழிலறிந்த நம் அங்கத்தினர்களுக்குச் சலவைத் தூளை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கடைகளில் பிளீச்சிங் பவுடர் என்று விற்கப்படுவதும் அதுவே. கரைசல் அளவுக்கு மிஞ்சினால் நூல் வெளுப்பதோடு நில்லாமல் இற்றும் போகும் என்பதை நெசவாளர் அனுபவத்தால் அறிவர். ஆனால் குழந்தைகள் இருக்கும் அறையில் அதே பொருளைக் கையாளும்போது மட்டும் அளவு என்ற எண்ணமே நம்மவர்க்கு எழுவதில்லை. பிடி பிடியாகத் தூவுகின்றனர். அதனால் குழந்தைகளின் சுவாசத்துக்கு நேரும் தீங்கை இங்கே ஆராய்வோம்.

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையுள்ள பகுதியை எடுத்துக்கொள்வோம். தாய்மார் மீன் விற்கவும் ஆலை வேலைக்கும் சென்றபின் அவர்களுடைய சிறு குழந்தைகளிற் பலர் அங்கன்வாடி மையங்களில் பகற்பொழுதைக் கழிக்கின்றனர். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை இம்மையங்கள். அங்கே வெளிக்காற்றே சுத்தமானதன்று. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டின் அனல் மின்நிலையம், துறைமுகம் செல்லும் லாரிகளின் புகை ஆகிய யாவும் அதில் கலந்துள்ளன. 2023 டிசம்பர் 26-ஆம் நாள் இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓட நேர்ந்தது. பலர் மருத்துவமனை சேர்ந்தனர். ஆலைப்புகையைக் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தின் பொறுப்பு; அதற்குக் காலமும் போராட்டமும் வேண்டும். அறைக்குள் நாமே உண்டாக்கும் வாயுவை நிறுத்துவதற்கோ யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

வயது வந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றனர். ஒரு வயதுக் குழந்தைக்கு அது ஏறக்குறைய 30 முறை ஆகும். உடல் எடையை நோக்க, குழந்தை உட்கொள்ளும் காற்று நம்மினும் மிகுதி. அதன் மூச்சுக் குழாய்களோ குறுகியவை. மேலும் குழந்தை தவழ்வதும் உறங்குவதும் தரையிலே. சலவைத் தூளிலிருந்து வெளிப்படும் குளோரின் வாயு காற்றைப் போல் இரண்டரை மடங்கு கனமுடையது. ஆகவே அதுவும் தரையோடு தங்கும். நின்று துடைப்பவர் மூக்கில் இலேசாகப் படும் நெடி, பாயில் கிடக்கும் குழந்தைக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க.

தூளை ஆசிட்டுடன் சேர்ப்பது எல்லாவற்றினும் கேடானது. கழிவறைக் கறை நீக்கும் ஆசிட் இத்தூளோடு கலந்தால் அக்கணமே குளோரின் பொங்கி எழும். 1915-இல் பெல்ஜியப் போர்க்களத்தில் வீரர்களைக் கொன்ற வாயு இதுவே. எனினும் இவ்விரண்டும் ஒரே அலமாரியில் அருகருகே இருப்பதைப் பண்டகசாலைத் தணிக்கைகளில் நாம் கண்டிருக்கிறோம். குழந்தை சிறுநீர் கழித்த இடத்தில் நேரே தூளைக் கொட்டுவதும் தவறு. சிறுநீரின் அம்மோனியாவுடன் சேர்ந்து குளோரமின் என்னும் எரிச்சல் வாயு உண்டாகும். முதலில் சோப்பு நீரால் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

2020-இல் கனடாவில் வெளியான ஓர் ஆராய்ச்சி 2,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பு முதல் கவனித்தது. கைக்குழந்தைப் பருவத்தில் துப்புரவுப் பொருள்களை மிகுதியாகப் பயன்படுத்திய வீடுகளில், மூன்று வயதில் ஆஸ்துமா காணும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. வாசனை சேர்த்தவையும் பீய்ச்சித் தெளிப்பவையும் முதன்மையாகக் குறிப்பிடப்பட்டன. குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்து வாழும் நாட்டின் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்துதல் ஆகாது. தெளிப்பதனால் வரும் தீங்கை மட்டும் பயிரிடும் அங்கத்தினர் எளிதில் உணர்வர். மருந்தடிக்கும்போது காற்றின் திசை பார்த்து நிற்பவர்கள் அல்லவா அவர்கள்? 2018-இல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, துப்புரவு வேலை செய்யும் பெண்களின் நுரையீரல் வலிமை இருபதாண்டுகளில் மற்றப் பெண்களினும் விரைவாகக் குறைவதைக் காட்டியது. நாள்தோறும் மையத்தைத் துடைக்கும் உதவியாளரையும் இது சாரும்.

அன்றாடத் தரைக்குச் சோப்பும் நீருமே போதும். வாந்தி, மலம் பட்ட இடத்துக்கும், வயிற்றுப்போக்கு பரவும் நாள்களிலும் கிருமிநாசினி வேண்டும். அப்போதும் முதலில் அழுக்கைக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடே செலவழிந்துபோகும். நூற்றுக்கு 30 பங்கு குளோரின் உள்ள தூளானால் 10 லிட்டர் நீருக்கு 33 கிராம் போதுமானது. வெளியிலே வைத்துக் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்துக் குழந்தைகள் வீடு சென்ற பின் துடைக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து நல்ல நீரால் மறுபடி துடைத்து, கதவு சன்னல்களைத் திறந்து வைக்க. மழைக்காலத்தில் வாசலெங்கும் உலர்ந்த தூளைக் கோடாக இடும் வழக்கத்தினால் பார்வைக்கு வெண்மை உண்டாகிறதேயன்றி வேறு பயன் அதிகமில்லை. காய்ந்த தூள் காற்றில் பறந்து மூச்சில் ஏறுகிறது.

இதில் பண்டகசாலைகளுக்கும் பங்குண்டு. பினாயில் வாங்கும்போது நெடி எவ்வளவு என்று முகர்ந்து பார்த்தே தரத்தை முடிவு செய்கின்றனர். நெடி சுத்தத்தின் அடையாளம் என்பது விற்பவர் பரப்பிய எண்ணம் என்றே நாம் கருதுகிறோம். கடற்காற்றின் ஈரத்தில் மூட்டையைத் திறந்து வைத்தால் சலவைத் தூள் விரைவில் வீரியம் இழக்கும். வீரியம் போனதை ஈடுசெய்யவே பிடி இரண்டாகிறது, செலவும் இரண்டாகிறது. ஆதலின் பெருமூட்டை மலிவென்று வாங்காமல், தயாரித்த மாதம் அச்சிட்ட சிறு பொட்டலங்களாக வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் உலர்ந்த நிழலில் வைக்க வேண்டும். ஆசிட் புட்டியை வேறு அறையில் பூட்டி வைக்க வேண்டும். மையங்களுக்குச் சரக்கு வழங்கும் சங்கங்கள் அடுத்த கொள்முதற் பட்டியலில் பினாயிலைக் குறைத்துச் சோப்பைக் கூட்டி, உதவியாளருக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறையும், எடை அளக்க ஒரு சிறு கரண்டியும் சேர்த்துக்கொள்ளலாம்.