துட்டிக்குப் போகையில் என்ன உடுத்துவது?

கல்லூரியில் பாடம் எடுப்பதால் மாணவர்கள் வீட்டுத் துட்டிக்கு, அதாவது சாவு வீட்டில் துக்கம் கேட்க, அடிக்கடி போக நேர்கிறது. கூடப் படிக்கும் பிள்ளைகள் வேனில் வந்து இறங்குவார்கள். பாதிப் பேர் கறுப்புச் சட்டை, கறுப்புக் குர்தா. மீதிப் பேர், 'சொந்தக்காரங்க பார்ப்பாங்க' என்று அம்மா எடுத்துக் கொடுத்த சரிகை போட்ட உடுப்பில். வந்த மனசு பெரிது. உடுப்புதான் உதவாமல் போகிறது.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, வெளிர்நிற அரைக்கைச் சட்டை. பெண்களுக்குத் துவைத்துப் பழகிய நூல் சேலை, அல்லது துப்பட்டாவோடு தொளதொளவென்ற சுடிதார். பட்டும் தலையில் பூவும் வேண்டாம். முஸ்லிம்களின் மையத்து வீடென்றால் ஆண்களுக்குத் தொப்பியோ கைக்குட்டையோ, பெண்களுக்கு முக்காடு.

துக்கத்துக்குக் கறுப்பு என்பது சினிமாவைப் பார்த்து வந்த பழக்கம். விக்டோரியா ராணி 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்தது முதல் 1901-இல் தான் சாகும்வரை கறுப்பே உடுத்தினார். அது அந்த ஊர்த் துக்கம். இங்கே, 1945-இல் பெரியார் கருஞ்சட்டைப் படையைத் தொடங்கியதிலிருந்து கறுப்புச் சட்டை ஒரு கொள்கைக்கு அடையாளம். கார்த்திகையில் கறுப்பு வேட்டி கட்டுபவர் சபரிமலைக்கு மாலை போட்டவர். அவர் துட்டி வீட்டுப் பக்கமே வரமாட்டார். "என்ன தாயி, இன்னைக்குப் போயி கறுப்பைக் கட்டிட்டு வந்திருக்கே?" என்று ஒரு துட்டி வீட்டில் கிழவி ஒருத்தி கேட்க, கறுப்பில் வந்த மாணவி முகம் வாடி, கடைசிவரை பந்தலுக்கு வெளியிலேயே நின்றாள். ஆறுதல் சொல்ல வந்தவள், தோழியின் பக்கத்தில் போய் உட்காரவே இல்லை. கறுப்பென்று கடையில் வாங்குவது பெரும்பாலும் பாலியஸ்டர் வேறு. சித்திரை வெயிலில் சாமியானாவுக்குள் இரண்டு மணிநேரம் இருந்தால் முதுகில் உப்புப் பூத்துவிடும்.

என் ஓட்டு வேட்டிக்குத்தான். தரையில் சம்மணம் போடலாம், மடித்துக் கட்டிப் பாடைக்குத் தோள் கொடுக்கலாம். காட்டிலிருந்து திரும்பித் தலைமுழுகினால் சீக்கிரம் காயும். தோளில் ஒரு துண்டும் இருக்கட்டும். அழுகிறவருக்கு முகம் துடைக்க அதுதான் ஆகும். இறுக்கமான ஜீன்ஸில் இதில் ஒன்றும் நடக்காது.

அங்கே போய் நமக்கு என்ன செய்ய வரும் என்பதையும் யோசித்து உடுத்துங்கள். ஒருவருக்குக் கையைப் பிடித்தபடி உட்காரத் தெரியும். இன்னொருவருக்குத் தண்ணீர்க் கேன் தூக்கவும் நாற்காலி போடவும் வரும். இரண்டும் வேண்டும். நண்பன் தோள் கொடுக்கப் போனான் என்பதற்காக நீங்களும் முண்ட வேண்டியதில்லை. சில வீடுகளில் துபாயிலிருந்து மகன் வரும்வரை உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருப்பார்கள். சாயங்காலமாகலாம், மறுநாளும் ஆகலாம். வேன் காத்திருக்கிறது என்று பதறாதீர்கள். இருந்து பழகினால்தான் அந்த வீட்டில் எதற்கு ஆள் இல்லை என்பது கண்ணில் படும்.

சேதி பெரும்பாலும் இரவில்தான் வரும். ஒரு வேட்டி, சட்டை, துண்டு, அல்லது ஒரு நூல் சேலையைத் துவைத்து அலமாரியில் தனியே வைத்துவிடுங்கள்.