கூலியில் மிச்சம் பிடியுங்கள், பிரேக் பேடில் வேண்டாம்

சொந்தக் காரை டாக்ஸியாக ஓட்டுபவருக்கு ஒர்க்‌ஷாப் செலவு இரட்டை அடி. பில் ஒரு பக்கம், வண்டி ஓடாத நாளின் கலெக்‌ஷன் இன்னொரு பக்கம். வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய சில வேலைகளில் முன்சக்கர பிரேக் பேட் மாற்றுவதும் ஒன்று.

டிசையர், வேகன் ஆர் போன்ற கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இங்கே சொல்வது முன்சக்கர டிஸ்க்குக்கு மட்டும். டிரம் லைனரையும், எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள பின் டிஸ்க்கையும் மெக்கானிக்கிடமே விடுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

புது பேடில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். பல பேடுகளில் ஒரு சின்ன இரும்புத் தகடு உண்டு. பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இரும்போடு இரும்பு தேய்ந்து டிஸ்க்கும் போய், செலவு பல மடங்காகும்.

பேட் தேயத் தேய பிரேக் ஆயில் மட்டமும் இறங்கும். ஆகவே ஆயில் குறைந்தால், ஊற்றுவதற்கு முன் பேடைப் பாருங்கள்.

என்ன வாங்க வேண்டும்?

பேட் செட்டில் முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து நான்கு பேட் வரும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கார் கம்பெனியின் ஒரிஜினலோ, சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா போன்ற பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் பேடோ வாங்குங்கள். சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில் கேளுங்கள். பழைய பேடும் பெயரில்லாத பேடும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இவற்றோடு ஜாக் ஸ்டாண்ட், சி-கிளாம்ப், ஸ்பேனர் செட், பிரேக் கிளீனர், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பின்னுக்கான சிலிக்கான் கிரீஸ் தேவை. கருவிகளை ஒருமுறை வாங்கினால் பல வருடம் உழைக்கும்.

வேலை முறை

1. சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். டயர் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள்.

2. ஜாக்கியில் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் வைப்பதும் ஆபத்து. பாரத்தில் சட்டென்று உடையும்.

3. ஒரு சக்கரத்தை முடித்த பிறகே அடுத்ததைக் கழற்றுங்கள். சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

4. சக்கரத்தைக் கழற்றிய பிறகு, காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, அதை மேலே தூக்கிப் பழைய பேடுகளை எடுங்கள். காலிப்பர் முழுதாகக் கழன்று வந்தால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸ் அந்தப் பாரத்தைத் தாங்காது. பிரேக் தூசியை ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல். கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

5. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்துவைத்து, பழைய பேடைக் காலிப்பரின் பிஸ்டன் மேல் வைத்து, சி-கிளாம்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஆயில் ஏறி வழியாமல் பாருங்கள். பட்டால் பெயின்ட் உரியும்.

6. பின்களைத் துடைத்து கிரீஸ் தடவி, புது பேடை மாட்டுங்கள். உராயும் பகுதியிலும் டிஸ்க்கிலும் கிரீஸ் படவே கூடாது. காலிப்பர் போல்ட்டையும் வீல் நட்டையும் மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக முறுக்க வேண்டும்.

வண்டியை எடுக்கும் முன்

பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டியானதும் ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து மூடியைப் போடுங்கள். மிதிக்காமல் கிளப்பினால் முதல் பிரேக் பிடிக்காது. பிறகு ஆளில்லாத ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 கி.மீ.க்கு மெல்லக் குறைத்து, இடைவெளி விட்டுப் பலமுறை பிரேக் பிடியுங்கள். புது பேட் டிஸ்க்கோடு படியும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

பிஸ்டன் உள்ளே போகவில்லை, அதன் ரப்பர் கிழிந்து ஆயில் கசிகிறது, ஒரு பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது, டிஸ்க் தடிமன் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டது, மிதித்த பிறகும் பெடல் பஞ்சாக இருக்கிறது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முதல் தடவை அரை நாள் ஒதுக்குங்கள். விடியற்காலை ஏர்போர்ட் டிரிப்பை வைத்துக்கொண்டு இரவில் தொடங்க வேண்டாம். முடிந்தால் தெரிந்த மெக்கானிக் ஒருவரை முதல்முறை பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல. அடுத்த தடவையிலிருந்து அது உங்களுக்கு மிச்சம்.