மதியத் தூக்கத்தில் கைவைக்காதீர்கள்

“பகல்ல தூங்க விடாதே, அப்பதான் ராத்திரி அசந்து தூங்கும்.” கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லிவிட்டுத்தான் காபி டம்ளரைக் கீழே வைப்பார்கள். என் தங்கையிடமும் சொன்னார்கள். அவள் மகளுக்கு அப்போது பத்து மாதம். சாயங்காலத் தூக்கத்தை நிறுத்திய நாட்களில் ஏழு மணிக்கே சிணுங்கல் தொடங்கும். எட்டு மணிக்கு வீறிட்டு அழுவாள். பாலும் வேண்டாம், மடியும் வேண்டாம். நடு இரவில் இரண்டு முறை எழுந்தும் விடுவாள்.

பெரியவர்களுக்குப் பொருந்தும் கணக்கு குழந்தைக்குப் பொருந்தாது. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை அடங்காது, படபடக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரையில், 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரமும், 1 முதல் 2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்றிருக்கிறது. பகல் தூக்கமும் இதில் அடக்கம். இரவில் பத்து மணி நேரம் தூங்கும் பத்து மாதக் குழந்தைக்கு மீதியைப் பகல்தானே தர வேண்டும்?

தங்கை கடிகாரத்தை விட்டுவிட்டு மகளைக் கவனித்தாள். எழுந்து மூன்று மணி நேரம் ஆகும்போது விளையாட்டுச் சாமானைக் கீழே போட்டுவிட்டு வெறித்துப் பார்ப்பாள். காது மடலைப் பிடித்து இழுப்பாள். தூங்க வைக்க அதுதான் நேரம். கண்ணைக் கசக்கி அழும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். நான்கு மாதத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரமே விழித்திருக்க முடிந்த குழந்தை, ஒன்றரை வயதில் ஐந்து மணி நேரம் தாங்கும். அந்த வயதையொட்டிப் பகலில் இரண்டு தூக்கம் ஒன்றாகச் சுருங்கும். அந்தச் சில வாரங்கள் சிரமமானவை. மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே கொடுத்துப் படுக்க வைத்தது தங்கைக்குப் பெரிய உதவியாக இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் குழந்தை நெளிந்தால் உடனே தூக்கிவிடக் கூடாது. குழந்தையின் தூக்கச் சுற்று ஏறக்குறைய அவ்வளவுதான். தட்டிக் கொடுத்தால் பல நேரம் அடுத்த சுற்றுக்குள் போய்விடும். மாலை நான்கு மணியைத் தாண்டித் தூங்கும் இரண்டு வயதுக் குழந்தையை மட்டும் மெதுவாக எழுப்பலாம்.

தூளி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆட்டினால் குழந்தை தூங்கும், உண்மைதான். ஆனால் சேலைத் துணியில் முகம் புதையலாம். தூளியில் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகி இறந்த குழந்தைகளைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு வயதுக்குள் தலையணை இல்லாமல், கெட்டியான சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. குழந்தை எழுந்ததும் தூளியை அவிழ்த்துவிடுங்கள்.

மூன்று வயதுக்குமேல் சில குழந்தைகள் மதியம் தூங்க மறுக்கும். மிரட்ட வேண்டாம், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படப் புத்தகத்தோடு சற்று நேரம் படுத்திருந்தால் போதும். அங்கன்வாடிக்குப் போகும் குழந்தை என்றால், கூப்பிடப் போகும்போது ஆயாவிடம் “இன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்தாங்க?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் தூங்கவே இல்லை என்றால், அன்றைக்கு இரவுச் சாப்பாட்டையும் படுக்கையையும் அரை மணி நேரமாவது முன்னால் வைத்துக்கொள்ளலாம்.